கணிதமேதை இராமானுஜனின் நோயும் நமக்கான பாடமும்: காசநோய், பிறவி நோய் எதிர்ப்பாற்றல் குறைபாடு பற்றி அறிவோம்

கணிதமேதை சீனிவாச இராமானுஜன் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26 அன்று தமது 32ஆம் வயதில் காலமானார். அவர் காசநோயால் இறந்தார் என்றே நம்மில் பலர் பள்ளியில் படித்திருப்போம். ஆனால், அவரைத் தாக்கியது உண்மையில் காசநோய்தானா என்ற ஐயத்தைப் பிற்கால மருத்துவ ஆய்வு எழுப்பியுள்ளது.

அவருடைய வாழ்க்கையை நோயின் வழியாகப் படிக்கும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. நோயை உண்டாக்கியது எது? அதை எதிர்க்க வேண்டிய உடல் ஏன் தோற்றது? முதல் கேள்விக்கு அன்று உறுதியான விடை கிடைக்கவில்லை. இரண்டாவது கேள்வியை ஆராயும் அறிவியல் அன்று வளர்ந்திருக்கவில்லை. இன்று இரண்டுக்கும் பரிசோதனைகள் உள்ளன. அவற்றை எப்போது, யாருக்காக நீங்கள் கேட்டுப் பெற வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

ஈரோட்டில் பிறப்பு, கும்பகோணத்தில் இளமை

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் பிறந்தார். ஈரோடு அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தாயார் கோமளத்தம்மாள். தந்தையார் சீனிவாச அய்யங்கார், கும்பகோணத்தில் ஒரு சேலைக் கடையில் கணக்கராகப் பணியாற்றினார். குழந்தைக்கு ஏறத்தாழ ஒரு வயதானபோது தாயார் அவருடன் கும்பகோணம் திரும்பினார்.

1889ஆம் ஆண்டின் இறுதியில், இரண்டு வயதுக் குழந்தையை அம்மை நோய் தாக்கியது. பெரியம்மை பலரைப் பலிகொண்ட காலம் அது. இராமானுஜன் பிழைத்தார், தழும்புகள் மட்டும் நிலைத்தன. அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்துபோயினர். அதற்குப் பின் பிறந்த இரண்டு தம்பியர் வளர்ந்து பெரியவர்களாயினர்.

இச்செய்தியிலிருந்து அக்குடும்பத்தில் பரம்பரைக் குறைபாடு இருந்தது என்று முடிவு செய்ய இயலாது. வயிற்றுப்போக்கு, நிமோனியா, அம்மை, ஊட்டக்குறைவு ஆகியவை அன்று எல்லா வீடுகளிலும் குழந்தைகளைப் பறித்தன. ஆயினும், இன்று ஒரு வீட்டில் அடுத்தடுத்துக் குழந்தைகள் தொற்றுநோயால் இறந்தால், அதைத் தலைவிதி என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய மிக முக்கியமான குடும்பக் குறிப்பு அது.

சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் நாட்டமில்லாததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை இராமானுஜன் இழந்தார். 1906ஆம் ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் தேர்வில் வெற்றி பெறவில்லை. அக்காலத்தில் சீதபேதியால் பாதிக்கப்பட்டு அவர் ஊர் திரும்ப நேர்ந்தது. இச்சிறு குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குப் பொருள் உண்டு.

1909ஆம் ஆண்டு ஜானகி அம்மையாரை மணந்தார். 1912ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. 1913ஆம் ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை எழுதி அனுப்பினார். 1914ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று நெவாசா என்னும் கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

சில மாதங்களில் முதல் உலகப் போர் தொடங்கியது. மரக்கறி உணவை மட்டுமே உண்ட இராமானுஜன் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் ஏற்ற காய்கறிகளும் பிற பொருள்களும் கிடைப்பது அரிதாயிற்று. ஆய்வில் ஆழ்ந்திருந்தபோது உணவும் உறக்கமும் முறை தவறின. கடுங்குளிர், தனிமை, போதாத உணவு ஆகிய மூன்றும் சேர்ந்து அவர் உடலை நலிவித்தன.

உடலின் எதிர்ப்பாற்றல் பிறவியிலேயே குறைந்திருக்கலாம். வாழ்க்கைச் சூழலாலும் குறையலாம். ஊட்டக்குறைவு, எச்.ஐ.வி. தொற்று, நீரிழிவு, புகைப்பழக்கம், மது ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. காசநோய்க்கு ஆளாகும் பெரும்பாலோரிடம் காணப்படுவதும் இரண்டாம் வகைக் காரணங்களே. சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடத்திய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியானது. காசநோயாளியின் வீட்டாருக்கு ஊட்டமிகு உணவு வழங்கியபோது, அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது.

நோயின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது

1917ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் இராமானுஜன் நோய்வாய்ப்பட்டார். காய்ச்சல், வலி, உடல் மெலிவு ஆகியவை தொடர்ந்தன. முதலில் இரைப்பைப் புண் என்று கருதப்பட்டது. பின்னர் காசநோய் என்று சொல்லப்பட்டது. ஈரலில் பரவிய புற்றுநோயாக இருக்கலாம் என்ற எண்ணமும் ஒரு கட்டத்தில் எழுந்தது. கேம்பிரிட்ஜ், மெண்டிப் குன்றுகள், மேட்லாக், லண்டன் என ஒவ்வோர் ஊராக மருத்துவ இல்லங்கள் மாறின. மெண்டிப் குன்றுகளில் அவர் தங்கிய காசநோய் இல்லத்தை நடத்தியவர் டாக்டர் சௌரி முத்து. இவரே 1928ஆம் ஆண்டு சென்னையை அடுத்த தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார்.

காசநோய்க்கு அன்று மருந்து இல்லை. தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே சிகிச்சை. இராமானுஜனுக்கோ அங்குக் கிடைத்த உணவு ஏற்கவில்லை, குளிரும் தாங்கவில்லை. நீண்ட நோய் மனத்தையும் வாட்டியது. 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டில்தான் அரச கழகத்தின் உறுப்பினராகவும், டிரினிட்டி கல்லூரியின் முதல் இந்திய ஆய்வு உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாள்பட்ட நோயாளிக்கு மனநலத் துணையும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை இக்காலம் நமக்கு உணர்த்துகிறது.

கொடுமுடி முதல் சேத்துப்பட்டு வரை

1919ஆம் ஆண்டு மார்ச் மாதம் இராமானுஜன் தாயகம் திரும்பினார். சென்னையில் சில காலம் தங்கிய பின், பிறந்த மண்ணாகிய கொங்கு நாட்டில், காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் அவர் ஓய்வுக்காகத் தங்கவைக்கப்பட்டார். உடல் தேறவில்லை. செப்டம்பரில் கும்பகோணத்துக்கும், 1920ஆம் ஆண்டு ஜனவரியில் மீண்டும் சென்னைக்கும் அழைத்துச் செல்லப்பட்டார். காசநோய் மருத்துவத்தில் பெயர்பெற்ற டாக்டர் சந்திரசேகர அய்யர் காசநோய் என்றே கருதிச் சிகிச்சை அளித்தார். அந்த ஜனவரியிலும் இராமானுஜன் புதிய கண்டுபிடிப்புகளை ஹார்டிக்கு எழுதினார். ஜானகி அம்மையார் இரவும் பகலும் உடனிருந்து பணிவிடை செய்தார். ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இராமானுஜனின் உயிர் பிரிந்தது.

அதே சேத்துப்பட்டில் 1956ஆம் ஆண்டு காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுவே. அங்கு 193 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 1959ஆம் ஆண்டு வெளியானது. உரிய மருந்தை முறையாக உட்கொண்டால், வீட்டிலிருந்தே பெறும் சிகிச்சையும் காசநோய் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு இணையான பலன் தரும் என அது நிறுவியது. ஊர் ஊராக மருத்துவ இல்லம் தேடி அலைய வேண்டிய காலம் அத்துடன் முடிவுக்கு வந்தது.

பிற்கால ஆய்வு கண்டது என்ன?

1994ஆம் ஆண்டு டாக்டர் யங் என்பவர், இராமானுஜனின் கடிதங்களையும் அக்கால மருத்துவக் குறிப்புகளையும் ஆராய்ந்தார். நோயின் போக்கு காசநோயோடு பொருந்தவில்லை என்றும், ஈரலைத் தாக்கிய அமீபா நோயே காரணமாக இருக்கக்கூடும் என்றும் அவர் கருதினார். சீதபேதியை உண்டாக்கும் அமீபா, குடலிலிருந்து ஈரலுக்குச் சென்று பல ஆண்டுகள் கழித்தும் சீழ்க்கட்டியை ஏற்படுத்தலாம். இளமையில் வந்த சீதபேதிக்கு இப்போது பொருள் விளங்கும். அமீபா நோய்க்கு எமிட்டின் என்னும் மருந்தைக் கல்கத்தாவில் லியோனார்டு ரோஜர்ஸ் 1912ஆம் ஆண்டிலேயே பயன்படுத்திக் காட்டியிருந்தார்.

இது பதிவேடுகளிலிருந்து பெறப்பட்ட கருத்தே. இறுதித் தீர்ப்பு அன்று. எனினும், யங்கின் கருத்து சரியானால், மருந்தில்லாத நோயின் பெயர் சூட்டப்பட்டதால் மருந்துள்ள நோய் கவனிக்கப்படாமல் போயிற்று. ஆகவே, உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ காசநோய் என்று சொல்லப்பட்டால், அது எந்தப் பரிசோதனையால் உறுதி செய்யப்பட்டது எனக் கேளுங்கள். சளியிலும் நெறிகட்டியிலிருந்து எடுத்த நீரிலும் கிருமியின் மரபுப்பொருளைக் கண்டறியும் சி.பி.நாட், ட்ரூநாட் பரிசோதனைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யப்படுகின்றன. முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் இவை காட்டும்.

தொற்று வேறு, நோய் வேறு

இராமானுஜனை அருகிருந்து பேணிய ஜானகி அம்மையார் 1994ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். இதைக் கொண்டு அவருடைய கணவருக்குக் காசநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. காசநோய்க் கிருமி உடலுள் நுழைந்த 100 பேரில் 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. மற்றவர்களின் உடல் கிருமியை அடக்கி வைத்துவிடுகிறது.

அடக்கும் விதம் இதுதான். நுரையீரலில் உள்ள விழுங்கு செல்கள் கிருமியை விழுங்குகின்றன. ஆனால், மைக்கோபாக்டீரியம் வகைக் கிருமி அச்செல்லுக்குள்ளேயே உயிர்வாழ வல்லது. எனவே விழுங்கு செல் இன்டர்லூக்கின்-12 என்னும் வேதிச் செய்தியை அனுப்பி, டி-செல்களைத் துணைக்கு அழைக்கிறது. டி-செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்னும் மறுசெய்தியை அனுப்புகின்றன. அதைப் பெற்ற விழுங்கு செல் வலுப்பெற்றுக் கிருமியை அழிக்கிறது.

இச்செய்தியை உருவாக்கும் அல்லது பெற்றுக்கொள்ளும் மரபணுக்களில் ஒன்று பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலர் உள்ளனர். அத்தகைய பழுது ஒன்று 1996ஆம் ஆண்டு முதன்முதலில் கண்டறியப்பட்டது. இக்குழந்தைகள் மற்ற கிருமிகள் பலவற்றை எளிதில் வெல்வர். மைக்கோபாக்டீரியத்திடமும் சால்மொனெல்லாவிடமும் மட்டும் தோற்பர். பிறருக்குத் தீங்கு செய்யாத, மண்ணிலும் நீரிலும் வாழும் மைக்கோபாக்டீரியங்கள்கூட அவர்களுக்கு நோய் தரும். டி-செல்களே உருவாகாத கடும் கூட்டு எதிர்ப்பாற்றல் குறைபாடும், விழுங்கிய கிருமியைக் கொல்ல இயலாத நாள்பட்ட துகள்கட்டி நோயும் இவ்வரிசையில் அடங்கும். இக்குறைபாடுகளில் எதுவும் இராமானுஜனுக்கு இருந்ததாகச் சான்று இல்லை.

காசநோய் பரம்பரை நோய் அன்று என்பதை இங்கு மறந்துவிடக் கூடாது. அது காற்றின் வழியாகப் பரவும் தொற்று. பெற்றோரிடமிருந்து வரக்கூடியது நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும் தன்மையே. ஒரு வீட்டில் பலருக்குக் காசநோய் வந்தால், பெரும்பாலும் ஒரே காற்றையும் ஒரே வறுமையையும் அவர்கள் பகிர்ந்துகொண்டதே காரணம்.

பி.சி.ஜி. தடுப்பூசியும் முதல் அறிகுறியும்

நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு இடது மேற்கையில் பி.சி.ஜி. தடுப்பூசி போடப்படுகிறது. இது வலுவிழந்த, உயிருள்ள மைக்கோபாக்டீரியம். சில வாரங்களில் சிறு கொப்புளம் தோன்றி, உடைந்து, தழும்பாக ஆறுவது இயல்பு. அக்குளில் சிறு நெறிகட்டுவதும் பெரும்பாலும் தானே சரியாகும். குழந்தைகளைக் கொடிய மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பது இத்தடுப்பூசி. ஆகையால் அச்சத்தால் இதைத் தவிர்க்காதீர்கள்.

ஆனால், எதிர்ப்பாற்றல் பழுதான குழந்தையின் உடலில் இவ்வலுவற்ற கிருமியும் பரவக்கூடும். முந்தைய குழந்தைக்கு இக்குறைபாடு உறுதியாகியிருந்தாலோ, காரணம் தெரியாத தொற்றால் குழந்தை இறந்திருந்தாலோ, தடுப்பூசி போடும் முன்பே மருத்துவரிடமும் செவிலியரிடமும் தெரிவியுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

கீழ்க்காணும் நிலைகளில் குழந்தைநல மருத்துவரிடம் எதிர்ப்பாற்றல் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

• பி.சி.ஜி. போட்ட புண் ஆறாமல் பெரிதாதல். பல இடங்களில் நெறிகட்டுதல். உடன் காய்ச்சலும் எடைக் குறைவும் இருத்தல்
• முழுமையாக மருந்து உட்கொண்ட பின்னும் காசநோய் திரும்புதல், அல்லது எலும்பு, ஈரல் எனப் பல உறுப்புகளில் ஒருசேரத் தோன்றுதல்
• காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியத் தொற்று குழந்தையிடம் கண்டறியப்படுதல்
• சால்மொனெல்லா தொற்று மீண்டும் மீண்டும் வருதல்
• ஓராண்டில் இருமுறை நிமோனியா, நீங்காத வாய்ப்பூஞ்சை, எடை கூடாமை
• உடன்பிறந்த குழந்தையோ தாய்மாமனோ சிறுவயதில் தொற்றால் இறந்திருத்தல்

பரிசோதனையும் சிகிச்சையும்

முதல் படி எளியது. இரத்த அணுக்களின் எண்ணிக்கை, எச்.ஐ.வி. பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே ஆகியவை அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே செய்யப்படும். நிணநீர்ச் செல்கள் மிகக் குறைந்திருப்பது சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே தெரிய வரலாம். அடுத்து, செல் வகைகளைப் பிரித்து எண்ணும் பரிசோதனையும், தேவையானால் மரபணுப் பரிசோதனையும் உயர் மையங்களில் செய்யப்படும்.

பழுது எதுவென அறிவது சிகிச்சையை மாற்றும். சிலருக்கு வழக்கத்தைவிட நீண்ட காலம் மருந்து தேவை. பி.சி.ஜி. கிருமி பைரசினமைடு மருந்துக்கு இயல்பாகவே கட்டுப்படாது என்பதால் மருந்துத் தொகுப்பே மாறும். இன்டர்ஃபெரான் காமாவை உருவாக்க இயலாதவருக்கு அதையே ஊசியாகச் செலுத்தலாம். அதைப் பெற்றுக்கொள்ளும் அமைப்பே முற்றிலும் இல்லாதவருக்கு அந்த ஊசி பயன் தராது. ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையே வழி. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கை, கடும் கூட்டு எதிர்ப்பாற்றல் குறைபாட்டையும் நாள்பட்ட துகள்கட்டி நோயையும் ஒருமுறைச் சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய்களின் பட்டியலில் சேர்த்துள்ளது.

உறவுத் திருமணம் குறித்து

தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் எனச் சொந்தத்தில் மணம் முடிப்பது நம் பகுதியில் நெடுங்கால வழக்கம். இரத்த உறவினர் இருவரும் ஒரே பழுதான மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி. ஒடுங்கு மரபணுவாகக் கடத்தப்படும் குறைபாடுகளில், இருவரும் சுமப்பவரானால், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தை பாதிக்கப்படும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். எனவே இது எவருடைய குற்றமும் அன்று. தாயைப் பழிப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. உறவில் மணந்தவர்கள் கருவுறும் முன் மரபணு ஆலோசனை பெறுவது நன்று.

உங்களுக்கு உதவ

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைநேரக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை ஆகியவை இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். ஈரோடு, கோவை உள்ளிட்ட எல்லா மாவட்டங்களிலும் காசநோய்ப் பிரிவுகள் இயங்குகின்றன. மருந்துகள் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. காசநோய் உதவி எண் 1800-11-6666. தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104. மனநல ஆதரவுக்கு டெலிமானஸ் எண் 14416.

மருத்துவமனைக்குச் செல்லும்போது பழைய மருத்துவச் சீட்டுகள், எக்ஸ்ரே படங்கள், குழந்தையின் தடுப்பூசி அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் இறந்த குழந்தைகள் பற்றிய விவரத்தையும் தயங்காமல் சொல்லுங்கள். இராமானுஜனின் கடிதங்களும் குறிப்புகளும் பாதுகாக்கப்பட்டதால்தான் 74 ஆண்டுகளுக்குப் பின்னரும் ஓர் ஆய்வாளரால் அவருடைய நோயைப் பற்றிச் சிந்திக்க முடிந்தது. உங்கள் குறிப்புகள் நோயாளி உயிரோடு இருக்கும்போதே மருத்துவர் கையில் சேரட்டும்.